குழாயடியில் தொடங்குங்கள்

கேள்வி: சிவில் முடித்திருக்கிறேன். எளிய மக்களுக்கு உதவும் நகரத் திட்டமிடல், வரைபடப் பணிக்கு வர ஆசை. வழி என்ன?
– வாசகி, திருச்சி

பதில்: அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் என்ற நகரத் திட்டமிடல் முதுநிலைப் படிப்பைப் படிக்கலாம், மகளே. சிவில் பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். அதற்குள் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைப் பழகிவிடுங்கள், இலவசம்தான். சம்பளம் ஐ.டி. வேலைக்கு ஈடாகாது, வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி இணைய வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009-இல் அங்குள்ள இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம் என்று, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். நீங்களும் உங்கள் வார்டில் அப்படி நடந்து பாருங்கள். கழிப்பறைக்கு ஒரு புள்ளி வைத்தால் போதாது. இரவில் திறந்திருக்குமா, சாவி யாரிடம், விளக்கு எரிகிறதா? இதெல்லாம் குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத்தான் தெரியும்; அலுவலகக் கோப்பில் தேடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 1930-களில் கறுப்பின மக்களின் பகுதிகளுக்குச் சிவப்பு தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்ததும் வரைபடம்தான். பட்டா இல்லாத வீடுகளைக் குறிக்கும்முன் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.