ஸ்பைடர்மேன் 3: பறிபோன பாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாம் ரெய்மி இயக்கிய ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றையும் சென்ற வாரம் அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் பார்த்தேன். முதல் இரண்டும் சிறுவயதில் தந்த அதே நிறைவை இப்போதும் தந்தன. மூன்றாவது முடிந்தபோது, நெருங்கிய ஒருவர் வாக்குத் தவறினால் வருகிற வருத்தம்தான் எஞ்சியது. வில்லன்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஒரு சூப்பர் ஹீரோ படத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பதே என் பிழையோ என்றும் தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதிர்பார்த்ததில் பிழையேதும் இல்லை. அந்த எதிர்பார்ப்பை உங்களுக்குள் வளர்த்தவை அதே இயக்குநர், அதே நடிகர்களைக் கொண்டு எடுத்த முந்தைய இரண்டு படங்கள்தான்.

வில்லன்களின் எண்ணிக்கை பற்றிய குறை உண்மையானதே. ஹாரி ஆஸ்பார்ன், சாண்ட்மேன், வெனம் என மூன்று பகைகளை 139 நிமிடங்களுக்குள் அடைக்க முயன்றதில், வெனம் கடைசி அரைமணி நேரத்துக்கு முன் உருக்கொள்ளவே வழியில்லாமல் போயிற்று. எல்லாப் பாத்திரங்கள் மீதும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்று ரெய்மியே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் நெரிசல் மட்டுமே குறையாக இருந்திருந்தால் உங்களுக்குச் சலிப்பு வந்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பது வருத்தத்தைப் பற்றி. அதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய முதல் காமிக்ஸ் கதையிலிருந்தே ஸ்பைடர்மேனின் அடித்தளம் ஒரு குற்றவுணர்வுதான். தன்னால் எளிதாகத் தடுத்திருக்கக்கூடிய ஒரு திருடனை, எனக்கென்ன என்று பீட்டர் பார்க்கர் போகவிடுகிறான். அவனை வளர்த்த அங்கிள் பென் அதே திருடனின் கையால் இறக்கிறார். 2002இல் வந்த முதல் படம் இதைச் சிறு மாற்றங்களோடு அப்படியே எடுத்துக்கொண்டது. கொன்றவன் இன்னொருவன், ஆனால் அந்தக் கொலைக்கு வழிவிட்டவன் தான் என்ற நினைவை எந்தச் சக்தியைக் கொண்டும் பீட்டரால் அழிக்க முடியாது. அவன் முகமூடி அணிவதற்கான காரணமே அதுதான்.

2004இல் வந்த இரண்டாம் படத்தின் உயிர், எல்லோரும் நினைவுகூரும் ரயில் காட்சியைவிட, ஒரு சாதாரண மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்திருக்கும் ஒரு காட்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம். பென்னின் மரணத்துக்குத் தானே காரணம் என்று அவர் மனைவி ஆன்ட் மே வருந்திக்கொண்டிருக்க, பீட்டர் அந்த இரவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறான். அவர் அவனைத் திட்டுவதில்லை, அழுது தீர்ப்பதும் இல்லை. பிடித்திருந்த கையை மெல்ல விலக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். பிறகு ஒருநாள் அவரே அவனை அணைத்துக்கொண்டு, உண்மையைச் சொன்னது துணிச்சலான செயல் என்கிறார். அந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள மௌனத்தில் ஒரு முதிய பெண் தன்னோடு தானே போராடி மன்னிப்பை வந்தடைந்திருக்கிறாள் என்பதை நாம் காணாமலேயே உணர்கிறோம். ஒரு தொடர்ச்சிப் படம் முதல் படத்துக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய மரியாதை இதுதான். அங்கே விழுந்த பாரத்தை இங்கே இன்னும் ஆழமாகச் சுமக்கவைத்தது அது.

இப்போது 2007க்கு வாருங்கள். பீட்டரும் ஆன்ட் மேயும் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். பென்னைச் சுட்டவன் நீங்கள் நினைத்திருந்த ஆள் இல்லை, ஃபிளின்ட் மார்க்கோ என்ற வேறொருவன் (சாண்ட்மேன் இவன்தான்) என்று ஓர் அதிகாரி தெரிவிக்கிறார். அந்த ஒரே செய்தியால், முந்தைய இரண்டு படங்களும் எதன்மேல் நின்றனவோ அது காலடியிலிருந்து நழுவுகிறது. பீட்டர் தப்பவிட்டவன் கொலையாளி இல்லையென்றால், அந்த மேசையருகே அவன் சொன்ன வாக்குமூலத்தின் பொருள் என்ன? ஆன்ட் மே எதை மன்னித்தார்? இறுதியில் மார்க்கோ தரும் விளக்கத்தின்படி, கூட்டாளியான அந்தத் திருடனின் கை பட்டதால்தான் துப்பாக்கி வெடித்தது. ஆகவே பீட்டரின் பங்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த நூலிழையைப் படம் கையில் எடுப்பதேயில்லை. தன்மேல் கோபம் கொள்ள வேண்டிய பீட்டருக்கு, கோபம் கொள்வதற்கு வெளியே ஓர் ஆளைத் தந்துவிடுகிறது.

இதை ஒருமுறை கவனித்துவிட்டால், படம் முழுவதும் இதுவே நடப்பதைக் காண்பீர்கள். தந்தையைக் கொன்றவன் நண்பன்தான் என்று இரண்டு படங்களாக வெந்துகொண்டிருக்கும் ஹாரி, கடைசியில் பீட்டருக்கு உதவ வருகிறான். எவ்வளவு பெரிய தருணம்! ஆனால் அவனை அங்கே கொண்டுவருவது நட்பு இல்லை. தந்தையின் உடலில் இருந்த காயம் அவருடைய சொந்தக் கருவியாலேயே ஏற்பட்டது என்று, இத்தனை காலம் வாய் திறக்காத வீட்டுப் பணியாளர் வந்து சொல்லும் தகவல்தான். உண்மை தெரியாமலே ஹாரி மன்னித்திருந்தால் அவன் மரணம் நம்மை உலுக்கியிருக்கும்.

விண்கல்லில் வந்த ஒட்டுண்ணி ஒன்று பீட்டரின் உடலைப் பற்றிக்கொண்டு உருவாக்கும் கறுப்பு உடையின் கதையும் இப்படித்தான். பீட்டரின் செருக்குக்கு அந்த ஒட்டுண்ணி தேவையே இல்லை. நாடகத்தில் தன் நடிப்பைப் பற்றி வந்த மோசமான விமர்சனத்தால் உடைந்துபோயிருக்கும் காதலி மேரி ஜேனிடம், அவன் தன் அனுபவத்தையே பேசிக்கொண்டிருக்கிறான். திரண்ட கூட்டத்தின் முன், மேரி ஜேனும் பார்த்திருக்க, அவர்கள் இருவருக்கு மட்டுமே உரிய அந்தத் தலைகீழ் முத்தத்தை க்வென் ஸ்டேஸி என்ற வேறொரு பெண்ணுக்குத் தருகிறான். இவையெல்லாம் அந்தக் கறுப்புப் பொருள் அவன் உடலைத் தொடுவதற்கு முன்பே நடப்பவை. புகழ் ஒரு நல்ல இளைஞனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது கேளாதவனாக்குகிறது என்ற அருமையான கதை அங்கே தொடங்கியிருந்தது. அதைக் கழற்றி எறியக்கூடிய ஓர் உடையின் குற்றமாக மாற்றியது இந்தப் படத்தின் மிகப்பெரிய இழப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும் இதைக் கைவிட எனக்கு மனமில்லை. சாண்ட்மேன் உருக்கொள்ளும் காட்சியை நினைத்துப்பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் மணல் மெல்லப் புரண்டு, திரண்டு, ஒரு கையாக மாறி, நோயுற்ற மகளின் படம் உள்ள பதக்கத்தை எடுக்க முயல்கிறது, பிடிக்க முடியாமல் விரல்கள் சரிகின்றன, மீண்டும் திரள்கின்றன. வசனமே இல்லை. கணினி வரைகலையால் உருவான ஒரு மணற்குவியலில் தகப்பனின் துயரத்தைக் காட்ட முடிந்த ஒருவருக்கு, மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்யும் திறமை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் வருத்தம் இத்தனை கூர்மையாக இருக்கிறது.

இறுதிச் சண்டைக்குப் பிறகு பீட்டர் மார்க்கோவை மன்னிக்கிறான். அவன் மணலாகக் காற்றில் கலைந்து போகிறான். நானும் தவறுகள் செய்திருக்கிறேன் என்று பீட்டர் பொதுவாகச் சொல்லும் அந்த இடத்தில், திருடனைப் போகவிட்ட அந்த இரவை அவன் பெயர்சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் ஏங்குகிறது. தவறி வெடித்த துப்பாக்கியோடு ஒருவனும், தெரிந்தே விலகிநின்ற காலடியோடு இன்னொருவனும் ஒரே மரணத்தின் முன் நிற்பதாக அது அமைந்திருக்கும்.

அன்புடன்.