டென், நெவர்மைண்ட், அப்புறம் நம் கேசட்டுகள்

அண்ணனுக்கு வணக்கம். ஞாயிறு பூராவும் அமெரிக்க ராக் குழுக்களான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', பேர்ல் ஜாமின் 'டென்' இரண்டையும் போனில் மறுபடி கேட்டேன். பள்ளிக்கூட நாளில் பைத்தியமாக அலைந்த ஆல்பங்கள். இப்போது முதலாவது ரொம்பப் பளபளப்பாக இருக்கிறது, இரண்டாவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை அவை அவ்வளவுதானா?
ம., ரங்கூன்

அன்புள்ள ம.,

வயதின் மேல் பழி போடாதீர்கள். அன்று நாம் கேட்டது இதே ஒலியை அல்ல. கப்பல்காரர் யாரோ கொண்டுவந்த கேசட், அதிலிருந்து கடைக்காரர் எடுத்த பிரதி, அதிலிருந்து நண்பன் எடுத்தது. ஒவ்வொரு பிரதியிலும் சிம்பல் சத்தம் மழுங்கும், இரைச்சல் ஏறும். கரண்ட் போனால் பேட்டரி. அது இறங்க இறங்க டேப் மெதுவாகும். பேர்ல் ஜாம் பாடகர் எடி வெடர் ஏற்கெனவே அடித்தொண்டைக்காரர். குரல் பாதாளத்துக்கே போய்விடும். அதுதான் பேர்ல் ஜாம் என்று நாமும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்!

அந்த மழுங்கலில் மிக்ஸிங், அதாவது தனித்தனியே பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கிற வேலை, அதன் வித்தியாசம் எங்கே தெரியும்? 1991இல் 'நெவர்மைண்ட்' வந்தபோது, புட்ச் விக் பதிவு செய்ததை ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்து மெருகேற்றினார். அந்த மெருகு பின்னாளில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்கே பிடிக்காமல் போனது. அதனால் அடுத்த ஆல்பமான 'இன் உட்டெரோ'வுக்கு (1993) ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியைப் பிடித்தார்கள். மின்னசோட்டாவில் இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. அதிலும் இரண்டு பாட்டை ஸ்காட் லிட்டிடம் மறுபடி மிக்ஸ் செய்யக் கொடுத்தார்கள், சரி. ஆனால் டிரம்ஸ் அறை அதிர விழுகிறது பாருங்கள், அதற்காகவே அவர்களின் ஆல்பங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

'டென்' பற்றிச் சொன்னீர்களே, அது உங்கள் காதின் குற்றமில்லை. எதிரொலி அதிகம் என்று குழுவினருக்கே உறுத்தல் இருந்தது. 2009இல் பிரெண்டன் ஓப்ரையன் மறுபடி மிக்ஸ் செய்த பதிப்பு வந்தது. அதைத் தேடிக் கேளுங்கள். கிதார் பக்கத்தில் வந்துவிடும்.

இன்னொன்று. நம்மில் பலர் மேற்கத்திய ராக் மெட்டுகளை முதலில் கேட்டது 'காப்பி' பாட்டுகளாக, பர்மியச் சொற்களோடுதான். பர்மிய ராக் பாடகர் லே ப்யூ, அயர்ன் கிராஸ் குழு எல்லாம் அப்படித்தான் அறிமுகம். 2012 வரை வெளியீட்டுக்கு முன் வரிகள் தணிக்கைக்குப் போய்வர வேண்டும். எனவே எனக்கு அந்த நாளில் கோபம் கேட்டது கிதாரில்தான், வரியில் இல்லை. ஆங்கில வரிகளைப் பிறகு படித்துப் பார்த்தபோது பலதும் அந்தக் கிதாருக்கு ஈடாக இல்லை.

எல்லா நாளும் கேட்பது நிர்வாணா மேடையில் மெல்லிசாக வாசித்த 'அன்பிளக்ட்' ஆல்பம். கேசட், போன், எதில் போட்டாலும் நிற்கிறது. ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) கேசட்டில் எனக்கு விளங்கவே இல்லை. நல்ல ஹெட்போன் வாங்கிய பிறகுதான் பிடிபட்டது.

அதே காலத்து ராக் குழு ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? 'மெலன் காலி' (1995) இரட்டை ஆல்பம், 28 பாட்டு. என் கைக்கு வந்தது முதல் பாதி மட்டும். '1979' என்ற பாட்டோ இரண்டாவது பாதியில் இருக்கிறது. உங்களிடம் அன்று எது இருந்தது, எழுதுங்கள்.