தொப்பிக்குள் மல்லிகை

வணக்கம் ஐயா,

பிறந்தநாளுக்கு அலுவலகத் தோழிகள் சேர்ந்து ‘நார்சிசோ ரோட்ரிகஸ் ஃபார் ஹெர்’ சென்ட் வாங்கிக் கொடுத்தார்கள். கறுப்புப் புட்டி. அடித்துக்கொண்ட பத்தே நிமிடத்தில் எனக்கு வாசம் தெரிவதில்லை, இன்னும் நாலு முறை அடித்துக்கொள்கிறேன். மாமியார் ‘துவைத்த துணி வாசம்’ என்கிறார். எனக்கோ வெறும் செயற்கையாகப் படுகிறது. நம் மல்லிகையின் தூய்மை இதில் எங்கே? தருமியின் சந்தேகம்கூட இயற்கை மணத்தைப் பற்றியதுதானே? அடுத்த மாதம் தங்கைக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கல்யாணம். இதைப் போட்டுக்கொண்டு போகலாமா?

ஆர்., செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள ஆர்,

முதலில் தருமியை விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தது பாண்டியனுக்கு. தருமிக்கு இருந்தது பணமுடை. வாசனை என்று யார் வாயெடுத்தாலும் அந்த ஏழையை இழுத்துவந்து நிறுத்திவிடுகிறோம்.

அடுத்து, அந்த நாலு முறை. தயவுசெய்து வேண்டாம். உங்கள் மூக்குக்குப் பழகிப்போயிருக்கும். போதாததற்கு, உங்கள் சென்ட்டின் அடிநாதம் கஸ்தூரி. அந்த வகை வாசனைகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு அறவே உணராது. உங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, லிஃப்டில் கூட ஏறும் மேல்மாடித் தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும். அவர் எங்கே ஓடுவார்?

மாமியாருக்கு நல்ல மூக்கு. இன்றைய செயற்கைக் கஸ்தூரிகள் தண்ணீரோடு போகாமல் துணியில் ஒட்டிக்கொள்பவை, அதனால் சலவைத்தூளிலும் அவற்றைச் சேர்க்கிறார்கள். மூங்கில் கழியில் துணி காயும் எந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடந்தாலும் உங்கள் புட்டியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் மேலே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குக் கோபம் வருவது ‘செயற்கை’, ‘தூய்மை’ என்ற இரண்டு சொற்களின் மேல். இயற்கைக் கஸ்தூரிக்காக ஆண் கஸ்தூரி மானைக் கொன்று, தொப்புளுக்குக் கீழே இருக்கும் பையை அறுத்தெடுத்தார்கள். 1888-இல் ஆல்பர்ட் பாவர் என்பவர் வெடிமருந்து தேடப்போய்த் தற்செயலாக ஒரு போலிக் கஸ்தூரியைக் கண்டார். 1926-இல் லியோபோல்ட் ருசிக்கா, அசல் கஸ்தூரியின் மணம் 15 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வளையத்திலிருந்து வருகிறது என்று காட்டினார். இப்படி வந்த சரக்கு செயற்கைதான். மான் பிழைத்துப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?

சரி, மல்லிகை மட்டும் தூய்மையா? அதில் இன்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. மலத்திலும் அது உண்டு. கொஞ்சமாக இருக்கும்வரை பூ, கூடினால் மூக்கைப் பொத்த வேண்டியதுதான். அதை அடியோடு நீக்கிவிட்டால் மிஞ்சுவது கழிவறை ஸ்ப்ரேயின் மல்லிகை.

எண்பதுகளில் என் அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் பார்த்தார். பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, முடியை மூடித் துணித்தொப்பி போட வேண்டும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஒரு சாண் மல்லிகையைக் கொண்டையில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். பல வருடங்கள் இப்படியே ஓடியது. நள்ளிரவை ஒட்டித் தொழிற்சாலைப் பேருந்து புளோக் அடியில் இறக்கிவிடும். நான் தூங்காமல் காத்திருப்பேன். உள்ளே வந்ததும் ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி, உதட்டில் கவ்விக்கொண்டு சரத்தை அவிழ்ப்பார். மொட்டாகப் போன பூ தொப்பிக்குள்ளேயே விரிந்து, நசுங்கி, ஓரம் பழுப்பேறி, நூல் முழுக்கத் தேங்காயெண்ணெய் ஊறியிருக்கும். அதை என் கையில் தருவார். நான் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். பூ, எண்ணெய், வியர்வை, தொப்பித் துணி என்று அதில் எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

‘ஃபார் ஹெர்’ 2003-இல் வந்தது. கிறிஸ்டின் நாஜெலும் பிரான்சிஸ் குர்க்ஜியானும் சேர்ந்து செய்தது. வந்து சில வருடம் கழித்து, ஆர்ச்சர்ட் ரோட்டில் நண்பருக்காகக் காத்திருந்தபோது விற்பனைப் பெண் ஒருத்தி கேட்காமலே என் மணிக்கட்டில் அடித்துவிட்டாள். முதலில் ஆரஞ்சுப் பூவும் ஒஸ்மான்தஸும் தெரிந்தன. சீனக் கடைகளில் ஜெல்லிக்குள் மிதக்குமே, அந்தச் சின்ன மஞ்சள் பூ. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன், கை முகத்துக்குப் பக்கத்தில். நொவீனா தாண்டியதும் பூ அடங்கி, தோலோடு தோலாக வேறொன்று எழுந்தது. அம்மாவின் தொப்பி! தேங்காயெண்ணெய் அதில் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் உடம்புச் சூட்டில் கிடந்து பழகிய பூவின் வாசனை இருந்தது. பீஷானில் இறங்க வேண்டியவன் ஈசூன் வரை போய்விட்டேன்.

தருமியை விடச் சொன்ன நானே பாண்டியனைக் கூப்பிடுகிறேன், மன்னியுங்கள். பூவா கூந்தலா என்று அவன் பிரித்துக் கேட்டதே தப்பு. எட்டு மணி நேரம் தொப்பிக்குள் இருந்த பிறகு எந்தப் புலவராலும் அதைப் பிரிக்க முடியாது. நீங்களும் அதே தப்பைச் செய்கிறீர்கள். புட்டியை மோந்து பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும் சட்டைக் காலரை மோந்து பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? போடுங்கள். குளித்ததும் பின்கழுத்தில் ஒரே ஒரு முறை. அப்புறம் தேக்காவில் நல்ல மல்லிகையாக இரண்டு முழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்ட் பட்டுப்புடவையில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை விழுந்தால் போகாது.