மெடிக்கலில் வாங்கி வைத்த மாத்திரை

கேள்வி: கடைசியாகத் தலைக்கு ஊற்றி 52 நாள் ஆகிறது. வீட்டிலேயே சோதித்தேன், இரண்டு கோடு. கைப்பிள்ளைக்குப் பத்து மாதம்தான், சிசேரியன். கலைக்கிற மாத்திரையை மதினி மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கிறார்கள். சாப்பிடலாமா? ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்பார்களா?
- வாசகி, முக்கூடல்

பதில்: முதலில் நாள் கணக்கு. நம் பக்கம் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணுவார்கள். மருத்துவக் கணக்கோ உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து. மூன்றாம் நாள் குளித்திருந்தால் 2, ஐந்தாம் நாள் என்றால் 4 கூட்டுங்கள். ஆக உங்களுக்கு 54 முதல் 56 நாள். மாத்திரைக்குச் சட்டம் தரும் வரம்பு 9 வாரம், அதாவது 63 நாள். ஒரு வாரம்தான் இருக்கிறது.

மதினி வாங்கியதை இப்போது தொடாதீர்கள். மாத்திரை கெட்டது என்பதால் அல்ல. கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது அந்த மாத்திரை அட்டைக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கிய கருவை இது கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சிசேரியன் தழும்பிலும் கரு ஒட்டலாம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சரியான இடத்தில் இருந்தால், பழைய சிசேரியன் ஒரு தடையே இல்லை. இரத்த அளவு 8 கிராமுக்குக் கீழே என்றால் வீட்டில் வைத்துக் கலைக்க விடமாட்டோம். இரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள்.

முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கருவைத் தாங்கும் ஹார்மோனை அது தடுக்கும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோபிரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. நாக்குக்கு அடியில் அரை மணி நேரம் ஒதுக்கி, மிச்சத்தை விழுங்க வேண்டும். கர்ப்பப்பையைச் சுருக்கி வெளியேற்றுவது இதுதான். முதல் மாத்திரையிலேயே லேசாக உதிரம் பட்டதும் 'முடிந்தது' என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் பாதி கலைந்த நிலையில் வந்து நிற்கிறார்கள்.

நாலு மாத்திரை போட்ட அன்று வலி, குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மறுநாளும் காய்ச்சல் இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே கிளம்புங்கள். நாலு மாத்திரை போட்டு ஒரு நாளாகியும் உதிரமே படாவிட்டாலும் வர வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை கட்டாயம். வீட்டுச் சோதனை அட்டையில் கோடு நான்கு வாரம் வரைகூடத் தெரியும், அதை நம்பாதீர்கள்.

18 வயது நிறைந்தவருக்கு அவர் கையெழுத்தே போதும். வீட்டுக்காரரைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லவும் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே போகலாம். கலைந்து பத்து நாளிலேயே மறுபடி கரு முட்டை வெளிவரலாம், அதனால் காப்பர்-டி பற்றி அன்றைக்கே பேசிவிடுங்கள்.