"வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்"

கேள்வி: எனக்கு வயது 24. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடித்து மூன்று வருஷமாகியும் வேலை கிடைக்கவில்லை. வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க ஆசைப்பட்டு, அதற்குக் கேட்கிற ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். மற்றதெல்லாம் தேறிவிட்டது, பேச்சுத் தேர்வில் மட்டும் 9க்கு 5. எனக்கு 6.5 வேண்டும். "வேலை பார்க்கிறீர்களா, படிக்கிறீர்களா?" என்று முதலில் கேட்டார்கள். "ஐ ஆம் ஜாப்லெஸ்" என்றேன். அதற்கப்புறம் வாயே வரவில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். விடியற்காலையில் மட்டும் அப்பாவோடு பூ வேனில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், அவர் கணக்குப் பார்க்கிற கமிஷன் கடையில் எழுதிக் கொடுப்பேன். அவருக்குக் கண்ணில் புரை, இரண்டு வருஷமாக எழுத்து தெரிவதில்லை. மற்ற நேரமெல்லாம் வேலை பற்றிய 120 பயிற்சிக் கேள்விகளுக்குப் பதில்களை மனப்பாடம் செய்கிறேன். வேலையே இல்லாதவள் அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மகளே, மேலூர்ப் பக்கத்திலிருந்து பூ வேனில் ஏறி வருகிறவள் மூன்று மணிக்காவது எழுந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து போய்க் கணக்கு எழுதுகிறவளுக்கு "சும்மாதான் இருக்கிறேன்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

உன்னைப் போல எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தையல் மிஷினை வைத்துத் தம்பியைப் படிக்க வைக்கிற பெண் "வேலைக்குப் போகவில்லை" என்பாள். அப்பாவின் டீக்கடையைத் தனியாளாக நடத்துகிற பையன் "வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்பான். அடுத்த முறை கிடைத்துவிடும், கவலைப்படாதே என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். உனக்கும் அதைச் சொல்லப் போவதில்லை.

அந்தப் பூ மார்க்கெட்டை நான் பார்த்திருக்கிறேன். ஈரச் சாக்கில் மல்லிகை வந்து விழும். மொட்டு விரிவதற்குள் கைமாறியாக வேண்டும், நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்க முடியாது. ஒரே காலையில் விலை ஏறும், இறங்கும். முகூர்த்த நாள் வந்தால் எங்கேயோ போய் நிற்கும். பனிக்காலத்தில் வரத்துச் சுருங்கி, நூறுகளில் இருந்த கிலோ விலை ஆயிரங்களுக்குத் தாவும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு விவசாயியின் எடை, அப்போதைய விலை, கமிஷன், போன மாதம் வாங்கிய முன்பணத்தில் இன்று கழிக்க வேண்டியது, கையில் கொடுக்க வேண்டியது, இத்தனையையும் ஒருத்தி சிட்டையில் ஏற்றுகிறாள். ஓர் எழுத்து தப்பினால் சாக்குக்காரர் சண்டைக்கு வருவார். இதற்குப் பெயர் வேலை. நீ படித்த பி.காம் தினமும் அங்கேதான் உழைக்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். பேச்சுத் தேர்வு மொத்தமே 11லிருந்து 14 நிமிஷம். முதல் நாலைந்து நிமிஷம் வீடு, வேலை, படிப்பு என்று உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். மார்க் போடுவது நாலு விஷயத்துக்கு: தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நாலுக்கும் சம மதிப்பு. உன் உத்தியோகம் பெரிதா சிறிதா என்பதற்கு அங்கே மார்க் கிடையாது. பொய் சொன்னாலும் யாரும் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் மனப்பாடப் பதிலுக்குப் பின்னால் "ஏன்?" என்று ஒரு கேள்வி வரும், அது உன் 120இல் இருக்காது. தேர்வாளருக்கும் ஒப்பிக்கிற குரல் காதில் விழுந்ததும் தெரிந்துவிடும்.

அந்தத் தாள்களை ஓரமாக வை. "ஐ கீப் தி அக்கவுன்ட்ஸ் அட் எ ஃப்ளவர் மார்க்கெட்" என்று ஆரம்பி. "ஹெல்ப்பிங் மை ஃபாதர்" என்று மட்டும் சொல்லாதே, நம் பெண்கள் முழு வேலையையும் பார்த்துவிட்டு உதவி என்று சொல்லியே பழகிவிட்டார்கள். தினமும் செய்கிற காரியத்துக்கு "ஐ ஆம் கீப்பிங்" வேண்டாம், "ஐ கீப்" போதும். இரண்டு வருஷமாகச் செய்வதை "ஐ ஹேவ் பீன் டூயிங் திஸ் ஃபார் டூ இயர்ஸ்" என்று சொல். அங்கே "சின்ஸ்" போட்டுவிடாதே. இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, யோசிக்க ஒரு நிமிஷம் தந்து, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். கஷ்டமான ஒரு நாளைப் பற்றி வந்தால் விலை தாறுமாறாக ஏறிய ஒரு முகூர்த்த நாளைச் சொல். ஒருவருக்கு நீ செய்த உதவி என்று வந்தால் கணக்குப் புரியாமல் நின்ற விவசாயியைச் சொல். தினம் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது வேனிலேயே அன்று நடந்ததை இங்கிலீஷில் சொல்லிப் பார். செல்போனில் பதிவு செய்து, மத்தியானம் நீயே கேள். தப்பெல்லாம் காதில் விழும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குக் கண்ணில் புரை என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். இரண்டு வருஷமாக எழுத்து தெரியவில்லை, நீயும் இரண்டு வருஷமாக எழுதிக் கொடுக்கிறாய், அவ்வளவுதானா? கண்ணுக்கென்றே எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மதுரைக்கு வருகிறார்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இதே ஊரில் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவே அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் தினமும் மதுரைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறீர்கள்!

ஏன் போகவில்லை என்று நீ எழுதவில்லை, ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. "கடையை விட்டுட்டு எப்படி வர்றது, கணக்கை யார் பார்ப்பா?" என்று அப்பா சொல்லியிருப்பார். நீயும் சரியென்று விட்டிருப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் எழுதுகிறவள் நீதான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நீ செய்வது சும்மா என்று நீயும் நினைத்தாய், அவரும் நினைத்தார். அந்தச் சும்மாவில் அவருடைய கண் இரண்டு வருஷம் மங்கிக்கொண்டே போயிருக்கிறது. புரையை முற்றவிட்டால் அறுவைச் சிகிச்சையும் சிக்கலாகும். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகாதே என்று சொல்கிறவள் இல்லை நான். பெண் பிள்ளை படிக்க எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் பெற்றவரை எழுத்து தெரியாத கண்ணோடு உட்கார வைத்துவிட்டு விமானம் ஏறுவதை என்னால் ஏற்க முடியாது. நீ போன மறுநாள் அந்தச் சிட்டையை யார் எழுதுவார்கள்? யோசித்தாயா?

இந்த வாரமே கடை முதலாளியிடம் நீயே பேசு. அப்பாவைப் பேச விடாதே, அவர் பணிந்துபோய்விடுவார். "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். டாக்டர் தூசிக்குள் போகலாம் என்று சொல்கிற வரைக்கும் அவர் வரமாட்டார். கணக்கை நான் பார்க்கிறேன். அதுவரைக்கும் சம்பளத்தை என் பெயரில் எழுதுங்கள்" என்று நேராகச் சொல். முதல் தடவை தமிழிலேயே நாக்கு எழாது; வேனில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொள். தேர்வுத் தேதியை ஆபரேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலாளி என்ன சொன்னார், டாக்டர் எந்தத் தேதி கொடுத்தார் என்று எனக்கு எழுது. இந்த முறை பெயரைப் போட்டு எழுது.