சிண்டாவும் சமூக அறக்கட்டளையும் ஒன்றா?

சம்பளத்தில் சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே, சமூக அறக்கட்டளை என்பதும் அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சிண்டா என்பது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், 1991இல் இந்தியச் சமூகத்துக்காகத் தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புதான் முக்கிய வேலை. சம்பளச் சீட்டில் சில வெள்ளி கழியும், வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகலாம்.

நீங்கள் கேட்ட சமூக அறக்கட்டளை, அதாவது கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஆஃப் சிங்கப்பூர், 2008இல் அரசு ஆதரவோடு வந்தது. அங்கே உங்கள் பெயரிலோ மறைந்த பெற்றோர் பெயரிலோ நன்கொடை கொடுப்பதற்கென்று தனி நிதி வைக்கலாம். குறைந்தது 200,000 வெள்ளி வேண்டும். நம்மில் பலருக்கு எட்டாத தொகைதான்! எந்த அமைப்புக்குத் தரலாம் என்று அலசுவது, கொடுத்த பணம் என்ன ஆனது என்று பார்ப்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு.

அப்புறம் வரிச்சலுகை. 100 வெள்ளி கொடுத்தால் வரி போடும் வருமானத்தில் 250 வெள்ளி கழியும். தகுதி பெற்ற பொதுநல அமைப்பு எதற்குக் கொடுத்தாலும் இது உண்டு.