ஜூலுவும் கோசாவும் ஒரே மொழியா, வேறு வேறா?

வேறு மொழிகள்தான். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெருமளவு புரியும். இரண்டும் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தின் ங்குனிக் கிளையைச் சேர்ந்தவை. சுவாசி, இண்டெபெலே மொழிகளும் அதே கிளைதான். நான்குமே தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகள்.

இண்டெபெலே விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குழப்பம் உண்டு. ஜூலு மன்னர் ஷாகாவின் தளபதியாக இருந்த மிசிலிகாசி 1820களில் அவரோடு முறித்துக்கொண்டு, தன் கூட்டத்துடன் வடக்கே போய், கடைசியில் இன்றைய ஜிம்பாப்வேயில் குடியேறினார். அந்த வழியில் வந்த ஜிம்பாப்வே இண்டெபெலே, அதே பெயருள்ள தென்னாப்பிரிக்க மொழியைவிட ஜூலுவுக்குத்தான் நெருக்கம்.

அப்புறம் இந்த மொழிகளில் வரும், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகள். நாம் இரக்கப்பட்டு ‘உச்’ கொட்டுவோமே, ஏறக்குறைய அதே ஒலி அங்கே சாதாரண மெய்யெழுத்து. இவை அண்டை வாழ்ந்த கொய், சான் மக்களிடமிருந்து வந்தவை. பரவியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: மணமான பெண்கள் மாமனார் பெயரை மட்டுமல்ல, அதிலுள்ள அசைகள் வரும் சொற்களையும் தவிர்க்க வேண்டும். ‘ஹ்லோனிபா’ என்ற இந்த மரியாதை வழக்கத்துக்காக மாற்றுச் சொற்கள் தேடியபோது, சொடுக்கொலிகள் கைகொடுத்தனவாம். கோசாவிலும் ஜூலுவிலும் மூன்று வகைச் சொடுக்குகள். சுவாசியில் பெரும்பாலும் ஒன்றுதான்.